ஹெப்சிபா டீச்சர் வீட்டுக் காற்று

பாளையங்கோட்டையில் கால்வாய்க் கரைப் பக்கம் போய், "விசில் டீச்சர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கதவு எண், தெருப் பெயர் எதுவும் வேண்டாம். கைக்குழந்தைகூட அந்த மஞ்சள் வீட்டைக் காட்டும். பெண்கள் பள்ளி ஒன்றில் காலமெல்லாம் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் ஹெப்சிபா. ஓய்வு பெற்றது டீச்சர் மட்டும்தான். கழுத்தில் தொங்கிய விசில் ஓய்வு பெறவில்லை. காய்கறி வண்டியை நிறுத்த ஒரு சின்ன விசில். வாசலில் மாடு நுழைந்தால் நீளமாக ஒன்று. கணவரைச் சாப்பிடக் கூப்பிட விட்டு விட்டு இரண்டு.

கணவர் ஞானசிகாமணி தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். தபாலைப் போலவே அமைதியானவர், ஒட்டிக் கொடுத்ததைத் திறந்து பார்க்காத சுபாவம். "கோயில்ல பாதிரி அய்யர் கேட்டப்ப 'சம்மதம்'னு சொன்னதுதான் இந்த வீட்டுல நான் பேசின கடைசி வார்த்தை. அதுக்கப்புறம் எல்லாம் விசில்தான்" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். டீச்சரும் சிரிப்பார், ஆனால் விசிலைக் கழற்ற மாட்டார்.

இப்படிப்பட்ட டீச்சர் ஒரு நாள் அடுப்படியில் நின்று அழுதார். குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்ததால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரே மகள் ரீபா. கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு இது தலைப்பேறு. தலைப்பேறு தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம், வேதத்தில் எழுதாத குறைதான். ஆனால் குழந்தை பிறக்கப் போவது ஜூன் மாதத் தொடக்கத்தில். அதற்கு முன்னால் மே மாதம் முழுவதையும் அவள் அந்த மஞ்சள் வீட்டில் கழித்தாக வேண்டும்.

மே மாதத்தில் அந்த வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் சொல்வதற்கில்லை. பகல் முழுக்கக் கத்திரி வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம், பொழுது சாய்ந்ததும் குடித்ததையெல்லாம் உள்ளே கக்கத் தொடங்கும். மேலே சுற்றும் மின்விசிறி அந்தச் சூட்டையே கிண்டிக் கிண்டிக் கீழே பரிமாறும். ஏசி போட்டுவிடலாம் என்றால் ரீபாவுக்கு ஏசி ஆகாது. ஒரு மணி நேரம் இருந்தாலே மூக்கடைத்து மூச்சு இளைக்கும். சின்னதிலிருந்தே அப்படி.

சம்பந்தியம்மா சாலோமி இருப்பது கோத்தகிரியில். சொந்த ஊர் சாயர்புரம் பக்கம்தான் என்றாலும் மலையேறிப் பல காலம் ஆகிவிட்டது. அவர் போனில் சொன்னார்: "மைனி, நான் தப்பா சொல்லுதேன்னு நெனைக்காதீய. எங்க வீட்டுல மே மாசமும் கம்பளிதான். புள்ளத்தாச்சிப் பொண்ண அந்த வெக்கையில போட்டு வாட்டணுமா?"

சாலோமி சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் டீச்சருக்கு அதிகமாக வலித்தது. ரீபாவும், "எனக்கு உங்கிட்ட வரணும்னுதாம்மா ஆசை. ஆனா போன தடவ ஈரத்துண்டப் போத்திக்கிட்டுல்லா ஒறங்கினேன்" என்று இழுத்தாள். கடைசியில் ஓர் ஏற்பாடு பேசினார்கள். மே மாதத் தொடக்கத்தில் சாலோமி ரீபாவை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வருவார். ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பார்கள். பிள்ளைக்குத் தாங்கினால் சரி. இல்லையென்றால் மறுநாளே கோத்தகிரி.

அதற்கு அப்புறம்தான் குக்கர் விசிலுக்கு நடுவே அந்த அழுகை.

அந்த வாரம் ஜன்னத்துல் பிர்தௌஸ் பார்க்க வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், டீச்சரின் கோகோ அணியில் ஓடியவள். இன்ஜினீயரிங் படித்து, அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது ஊரில் வீடு கட்டிக் கொடுக்கிறாள். வந்தவள் வாசல்படியிலேயே நின்றாள். ஒரு காலை உள்ளே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"என்னட்டி, கோலம் மிதிச்ச மாதிரி முழிக்கே?"

"டீச்சர், வெளிய எவ்வளவு சிலுசிலுன்னு இருக்கு பாருங்க. கால்வாய்த் தண்ணி, அங்கிட்டு வாழைத்தோட்டம். ஆனா உள்ள அடுப்பு மாதிரி இருக்கு. காத்து வாசல் வரைக்கும் வந்து நிக்கு. உள்ள எடம் இல்ல."

"எடம் இல்லையா?"

"உள்ள சூட்டுக்காத்து சம்மணம் போட்டு உக்காந்திருக்குல்லா. அத எழுப்பி வெளிய வெரட்டினாத்தானே இது வந்து உக்காரும்?"

டீச்சருக்கு மைதானம் ஞாபகம் வந்தது. கோகோ ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி 'கோ' கொடுத்தால் அவள் எழுந்து ஓடுவாள், தட்டியவள் அந்த இடத்தில் உட்காருவாள். அது டீச்சர் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

"அப்ப காத்துக்கு 'கோ' கொடுக்கணும்ங்கியா?"

"அதேதான் டீச்சர்! அமெரிக்காவுல வீடு முழுசுக்கும் ஒரே ஒரு பெரிய ஃபேன் உச்சியில வச்சிருப்பாங்க. சாயங்காலம் வெளிய குளுந்ததும் சன்னலையெல்லாம் தொறந்து போட்டு, அத ஓட விடுவாங்க. மேல ஏறி நிக்கிற சூட்டையெல்லாம் அது வெளிய தள்ளிரும். சன்னல் வழியா புதுக்காத்து உள்ள வரும். செவுரு, தளம் எல்லாம் பைய குளுந்துரும்."

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டின் உச்சிக் கூண்டில், சுவரை வெட்டி ஒரு பெரிய மின்விசிறியைப் பதித்தார்கள். ஓடும்போது திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்ளும் தகட்டுப் பலகைகள் அதற்கு முன்னால். எல்லாச் சன்னல்களுக்கும் கொசுவலை. தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஆவுடைநாயகம் அண்ணாச்சி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்ன டீச்சர், வீட்டப் பறக்க விடப் போறீயளா?"

"ஆமா அண்ணாச்சி. பக்கத்துல உங்க கட இருக்கு, கயிறு கட்டிக்கிடுங்க."

பிர்தௌஸ் போகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். "பகல்ல எல்லாத்தையும் அடைச்சு, தெரையப் போட்டு வெயில உள்ள விடாதீங்க. பொழுது அடஞ்சதும் மொதல்ல சன்னல், அப்புறம் ஃபேன். மறந்தும் அடைச்ச வீட்டுல ஃபேனப் போட்டுராதீங்க. வழி இல்லன்னா காத்து சும்மா இருக்காது டீச்சர், எந்த ஓட்ட கெடைக்குதோ அந்த ஓட்ட வழியா வரும்."

அந்தச் சமயம் ஞானசிகாமணி ஊரில் இல்லை. கண் ஆபரேஷன் செய்திருந்த அண்ணனுக்குத் துணையாக நாசரேத்தில் இருந்தார். டீச்சர் தனியாகத்தான் முதல் வெள்ளோட்டம் பார்த்தார். சன்னல்களைத் திறந்தார், சுவிட்சைப் போட்டார். மேலே 'ஹோ' என்று ஓர் இரைச்சல். அடுத்த நொடி திரைச்சீலைகள் அத்தனையும் பள்ளி விட்ட பிள்ளைகள் மாதிரி உள்நோக்கிக் கிளம்பின. காலண்டர் படபடவென்று சுவரில் அடித்தது. பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் தாமாகப் புரண்டு, வேண்டாத பாட்டுகளையெல்லாம் காட்டின. மத்தியானம் வறுத்த நெத்திலிக் கருவாட்டின் வாசனை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாடி வழியாக விடைபெற்றுப் போனது. டீச்சர் கூடத்தின் நடுவில் நின்று சேலைத் தலைப்பைப் பறக்க விட்டு, யாரும் இல்லாத தைரியத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். நான்கைந்து நாளில் ராத்திரித் தரை காலுக்கு ஜில்லென்று இருந்தது. "வரட்டும் கோத்தகிரி" என்று சுவரைப் பார்த்துச் சவால்விட்டார்.

போனில் கணவரிடமும் சொன்னார்: "பெரிய ஃபேன் ஒண்ணு போட்டிருக்கேன், வந்து பாருங்க." சன்னலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஏனென்றால் அந்த வீட்டில் சன்னல் என்பது சாதாரண விஷயம் இல்லை.

ரீபா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது டெங்குக் காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாளெல்லாம் ஞானசிகாமணி கட்டிலின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அவர் ஒவ்வொரு சன்னலாகப் போய் அடைத்தார். அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வந்தால் அது ஒரு ஆராதனை. கொண்டியைப் போடுவார், இழுத்துப் பார்ப்பார், அடுத்த சன்னலுக்குப் போவார். எல்லாம் அடைத்த பிறகுதான் குடும்ப ஜெபம். ரீபா கல்யாணமாகிப் போன பிறகும் அது நிற்கவில்லை. விசிலுக்குக் கட்டுப்பட்ட மனிதர் இந்த ஒரு காரியத்தில் மட்டும் எந்த விசிலுக்கும் கட்டுப்பட மாட்டார்.

ரீபா வந்தாள். வயிறு முன்னால் வர, சாலோமி பின்னால் வர, ஆட்டோவிலிருந்து பைய இறங்கினாள். டீச்சருக்குப் பிள்ளையைப் பார்த்ததும் அழுகை வந்தது. அது தெரியாமல் இருக்க ஒரு விசில் ஊதினார்.

பகல் முழுக்கத் திரை போட்ட இருட்டு வீட்டைப் பார்த்துச் சாலோமி, "என்ன மைனி, சினிமாக் கொட்டகையா?" என்றார்.

"இடைவேள வரட்டும் மைனி, படம் அப்புறந்தான் ஆரம்பிக்கும்" என்றார் டீச்சர்.

பொழுது சாய்ந்தது. டீச்சர் ஒரு சன்னல் விடாமல் திறந்தார். மகளுக்குப் பிடித்த சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுக்க அடுப்படிக்குள் போனார். ரீபாவும் சாலோமியும் பின்வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஞானசிகாமணி நாசரேத்திலிருந்து வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்து பார்த்தால், அந்தி நேரத்தில் வீட்டுச் சன்னல் எல்லாம் பப்பரப்பா என்று திறந்து கிடக்கிறது. உள்ளே கர்ப்பிணி மகள். மகளிடம்கூடப் போகாமல், ஒவ்வொன்றாக அடைத்தார், கொண்டியை இழுத்துப் பார்த்தார், திரையை இழுத்து விட்டார். அப்புறம்தான் பின்வாசலுக்குப் போய் மகள் தலையைத் தடவினார்.

அவர் அடுப்படிச் சன்னலையும் பின்வாசலையும் சாத்திவிட்டு வர, எல்லோரும் ஜெபத்துக்குக் கூடத்தில் கூடினார்கள். டீச்சர் வெற்றி வீராங்கனையாக எழுந்து, "மைனி, இப்பப் பாருங்க" என்று சுவிட்சைப் போட்டார்.

மேலே இரைச்சல் கேட்டது. உள்ளறைக் கதவு 'டமார்' என்று தானே சாத்திக்கொண்டது. சாலோமி "ஏசுவே!" என்று நெஞ்சைப் பிடித்தார். வாசல் கதவின் அடியிடுக்கு ஊளையிட்டது. அப்புறம் வந்தது அந்த நாற்றம்.

ரீபா கல்யாணமாகிப் போனதிலிருந்து பின்னறைக் குளியலறையை யாரும் பயன்படுத்தவில்லை. அங்கே சாக்கடை வாடையை மறித்துத் தரைக் குழியில் நிற்க வேண்டிய தண்ணீர் கோடையில் வற்றிப் போயிருந்தது. பிர்தௌஸ் சொன்ன ஓட்டை அதுதான். ஊர்ச் சாக்கடையே பந்திக்கு வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு நாற்றம் கூடத்தில் நிறைந்தது. ரீபா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்வாசலுக்கு ஓடினாள்.

சாலோமி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, கோபமில்லாமல், பரிதாபமாகத்தான் சொன்னார்: "மைனி, நீங்க பட்ட பாடு தெரியுது. ஆனா வேண்டாம். நாளைக்கே நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

டீச்சர் சுவிட்சை அணைத்தார். எத்தனையோ போட்டிகளில் தோற்றிருக்கிறார், அப்போதெல்லாம் அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருந்தது. இதற்கு அடுத்த ஆட்டம் இல்லை. பேரப்பிள்ளை கோத்தகிரியில் பிறக்கும், தான் கம்பளி போர்த்திக்கொண்டு விருந்தாளியாகப் போய்ப் பார்த்து வர வேண்டும். கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு எதிரே பார்த்தவர் அப்படியே நின்றார். திரைச்சீலை. மின்விசிறி ஓடியபோது திரைச்சீலை ஆடவே இல்லையே!

விறுவிறுவென்று போய்த் திரையை ஒதுக்கினார். சன்னல் அடைத்துக் கிடந்தது.

"யாரு அடைச்சா?"

"நாந்தான்" என்றார் ஞானசிகாமணி. கையில் கொசு அடிக்கும் மட்டையோடு நின்றார்.

விசில் டீச்சரின் உதடு வரைக்கும் போய்விட்டது. ஊதியிருந்தால் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் நின்றிருக்கும்.

"ஏ ஹெப்சி, கோவப்படாத" என்றார் அவர். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவ கெடந்த கெடப்பு எனக்கு இன்னும் கண்ணுல நிக்கு. இப்ப அவ ஒத்த உசிரு இல்ல, ரெண்டு உசிரு. நான் எப்படித் தொறந்து போடுவேன்?"

டீச்சர் விசிலைக் கீழே விட்டார். இத்தனை வருஷம் அந்தச் சன்னல் அடைப்பைக் கேலி செய்ததை நினைத்தார். அந்த மனிதரின் அன்பெல்லாம் கொண்டியில்தான் இருந்திருக்கிறது. அவர் கையைப் பிடித்துச் சன்னலுக்குக் கூட்டிப் போனார். கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்தார். அவர் விரலை எடுத்துக் கொசுவலையின் மேல் வைத்தார்.

"தடவிப் பாருங்க. ஓரம், மூல எல்லாம் பாருங்க. ஒரு ஊசி போவ வழி இருந்தா சொல்லுங்க, நானே அடைச்சிருதேன்."

ஞானசிகாமணி தடவினார். கவரின் ஒட்டைச் சரிபார்க்கும் தபால் ஆபீஸ் விரல் அது, லேசில் ஏமாறாது. மேல் ஓரம், கீழ் ஓரம், நான்கு மூலை. அப்புறம் அடுத்த சன்னல், அதற்கடுத்த சன்னல். டீச்சர் அவசரப்படுத்தாமல் கூடவே நடந்தார். அவர் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தது அன்றைக்குத்தான்.

"வல நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "சரி, கூடத்துச் சன்னல் ஒண்ணு மட்டும் தொறப்போம்."

ஒன்று மட்டும் திறந்தார்கள். டீச்சர் சுவிட்சைப் போட்டார். அந்த ஒற்றைச் சன்னல் வழியாக வந்த காற்று ஞானசிகாமணியின் நெஞ்சில் மோதியது. சட்டை உப்பியது, நரைத்த முடி நட்டுக்கொண்டு நின்றது. அவர் கண்ணை மூடி வாசம் பிடித்தார். ஈர மண், வாழை, கால்வாய்த் தண்ணீர்.

"ஏ ஹெப்சி, இது ஆத்தங்கரக் காத்துல்லா! கொறுக்குத்தொறப் படித்தொறையில உக்காந்த மாதிரி இருக்கு. இத்தன வருசமா இது வெளியயா நின்னுச்சு?"

"நீங்கதானே கொண்டி போட்டீய."

"ஊதுட்டி விசில" என்றார் அவர்.

டீச்சர் ஊதினார். மைதானத்தில் நூறு பிள்ளைகளைக் கிளப்பும் விசில் அது. ஞானசிகாமணி ஒரு பக்கம் ஓடினார். என்னவென்று புரியாவிட்டாலும் விசில் கேட்டதும் சாலோமியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னொரு பக்கம் ஓடினார். கொண்டிகள் படபடவென்று கழன்றன. டீச்சர் பின்னறைக் குளியலறைக் குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். நாற்றம் வந்த வேகத்திலேயே மாடி ஏறி ஓடிப் போனது. திரைச்சீலைகள் கிளம்பின, காலண்டர் கைதட்டியது, ரீபா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்று, "அம்மா, என்னம்மா இது!" என்று கையை அகல விரித்துச் சிரித்தாள். சாலோமி மூச்சு வாங்க, "மைனி, சின்ன வயசுல நான் உங்க பள்ளிக்கூடத்துல படிக்காமப் போனேனே" என்றார்.

பிறகு பாயை விரித்து ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். ஞானசிகாமணி வாயைத் திறப்பது அபூர்வம், ஆனால் ஜெபம் என்றால் மிஷன் காலத்திலிருந்து தொடங்கி ஒருவரையும் விடமாட்டார். அன்றைக்குக் கொசுவலையைக் கண்டுபிடித்தவருக்காகக்கூட ஸ்தோத்திரம் சொன்னார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ரீபா அம்மா மடியில் தலைவைத்து உறங்கிப் போயிருந்தாள். சாலோமி யோசிக்காமல் ஒரு போர்வையை எடுத்துவந்து அவள் காலில் போர்த்தினார். போர்த்திய பிறகுதான், பாளையங்கோட்டையில் மே மாதத்தில் போர்வை போர்த்தியிருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது. டீச்சரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க செயிச்சிட்டீய மைனி" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நானும் பத்து நாள் இருந்துட்டுப் போகட்டுமா? கோத்தகிரியில எனக்கு மட்டும் என்ன வேல கெடக்கு?" என்றார்.

மடியில் பிள்ளை இருந்ததால் டீச்சரால் எழுந்து கட்டிப்பிடிக்க முடியவில்லை. சாலோமியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்தத் தடவை குக்கர் தேவைப்படவில்லை.

ஜூன் மாதம் ரீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அபிஷா என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், பொழுது அடையும் நேரம், டீச்சர் சன்னல் திறக்கச் சொல்ல வழக்கம்போல் விசிலை வாயில் வைத்தார். தொட்டிலில் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. ஊதாமல் அப்படியே நின்றார்.

உள்ளே மெல்ல ஒரு சத்தம் கேட்டது. ஞானசிகாமணி ஒவ்வொரு சன்னலாகப் போய்க்கொண்டிருந்தார். கொண்டியை அலுங்காமல் எடுத்தார், வலையின் ஓரத்தை விரலால் தடவினார், கதவை அகலத் திறந்தார், அடுத்ததற்குப் போனார். கடைசியாகத் தொட்டில் பக்கத்துச் சன்னல். அங்கே மட்டும் வலையை இரண்டு முறை தடவினார். பிறகு அதையும் திறந்துவிட்டு, கொசு மட்டையை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினார். பிறகு போய் மின்விசிறிச் சுவிட்சைப் போட்டார்.